மூன்றாம் மாடிப் பனிக்காரி

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு நான்கு மாடி. இரண்டாம் மாடி கடல்காரர்களுடையது, நான்காம் மாடி காற்றுக்காரர்களுடையது. கடல் கீழே, காற்று மேலே என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அறை ஒதுக்கிய குமாஸ்தாவுக்கு அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே மூன்றாம் மாடியில், உடைந்த நாற்காலிகளும் ஓடாத கணினிகளும் அடுக்கிக் கிடந்த நடையின் கடைசியில், ஒரு சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். துருவக் கடல் இரண்டின் பனியும் அவள் ஒருத்தியின் பொறுப்பு.

கடல் பிரிவில் இருபது பேர். காற்றுப் பிரிவில் அதைவிடக் கொஞ்சம் கூட. பனிக்கு ஒரே ஆள். இரண்டாம் மாடியில் பிறந்தநாள் கேக் வெட்டினால், அவள் நான்காம் மாடி ஆள்தானே என்று கூப்பிட மாட்டார்கள். நான்காம் மாடியில் வெட்டினால், இரண்டாம் மாடி ஆள்தானே என்று விட்டுவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லாமலே ஒரு மனுஷி இருபது வருடம் கேக் இல்லாமல் இருக்கலாம் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'தரகர்'. அவளுக்கும் தெரியும். பெயர் என்னவோ பொருத்தம்தான். துருவத்தில் குளிர்காலக் காற்று எலும்பைத் துளைக்கிற குளிரில் இருக்கும். கீழே இருக்கும் கடல் உப்புத்தண்ணீர், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனால்தான் உறையும். நமக்கு அதுவும் விறைக்கிற குளிர்தான், ஆனால் மேலே இருக்கும் காற்றுக்கு அது வெந்நீர். இந்த இரண்டுக்கும் நடுவே கடலின் மேல்தோல் உறைந்து ஒரு மூடியாகக் கிடக்கிறது. மூடி தடித்தால் சூடு உள்ளேயே நிற்கும், மெலிந்தால் கசியும், விரிசல் விட்டால் கொட்டும். காற்று அதைத் தள்ளும், நீரோட்டம் இழுக்கும். அது உறையும்போது உப்பைக் கீழே கக்கும். அந்த உப்புத்தண்ணீர் கனத்து அடிக்கு இறங்க, அடியில் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வந்து மூடியையே கரைக்கும். யார் ஆரம்பித்தார்கள், யார் முடித்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாத குடும்பச் சண்டை.

இந்தச் சண்டையைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் நிலையத்தின் வேலை. கடலுக்கு ஒரு புரோகிராம், காற்றுக்கு ஒரு புரோகிராம். இடையில் பனி. காற்று கொடுப்பதை வாங்கிக் கடலுக்குக் கொடுப்பதும், கடல் கொடுப்பதை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதும் அவள் வேலை. அதனால் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே பாதி உத்தியோகம் கழிந்தது. இத்தனை செய்தவள் கடல்பனியை ஒருநாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் கைபட்ட பனியெல்லாம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் சேருமே, அதுதான். அதையும் மாதம் ஒருமுறை கரண்டியால் சுரண்டி எறிந்துவிடுவாள்.

வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, முதல் மாடியில் இரண்டு அறை. அவளும் அப்பாவும். அம்மா போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய கல்யாணப் பேச்சு சில வருடங்கள் நடந்து, களைத்து, தானே உட்கார்ந்துவிட்டது. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும் திட்டுவார். "பிரேக்க இப்படியா மிதிப்பான்? உள்ள இருக்கறது மனுஷங்களா, மூட்டையா?" என்று அவர் போடுகிற சத்தம் தெருவரை கேட்கும். டிரைவர்கள் சிலர் நிமிர்ந்து பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

காலையில் அவருக்கு மாத்திரை எடுத்து வைத்து, மதியச் சாப்பாட்டை மூடி வைத்து, பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். மதியம் ஒரு போன். சாயங்காலம் எங்கும் நிற்காமல் வீடு. நான் இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒருநாள் ஓடாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அலுவலகத்தில் யாராவது சினிமாவுக்கோ கடைக்கோ அழைத்தால் "அப்பா தனியா இருப்பாரு" என்பாள். நாளடைவில் அழைப்பதையே விட்டுவிட்டார்கள்.

தம்பி ஒருவன் இருந்தான், ரயிலில் ஒரு பகல் தூரத்து ஊரில், மனைவி, மகளோடு. அப்பாவோடு வாரம் தவறாமல் போனில் பேசுவான். அவளோடு "எப்படிக்கா இருக்க?" என்கிற அளவோடு சரி. அப்பாவைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் காதுபட ஒரு தடவை சொன்னதில்லை. 'ஆம்பளப் பிள்ளைன்னு பேரு, எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு அவன்பாட்டுக்கு இருக்கான்' என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவள் மனதுக்குள் அவனை வறுத்தெடுப்பாள். பாத்திரங்கள் பளபளவென்று இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு வருடம் கணினிக்குள் ஒரு கூத்து நடந்தது. துருவத்தில் சூரியன் எட்டியே பார்க்காத மாதங்களில், கும்மிருட்டில், கணினியின் பனி உருகத் தொடங்கியது. கடல் நாளுக்கு நாள் சூடேறியது, காற்று நாளுக்கு நாள் விறைத்தது. குளிரில் நடுங்குகிறவன் போர்வையைக் கழற்றி, குளிர்காய்கிறவனுக்குப் போர்த்தினால் எப்படியோ அப்படி. நிலையமே ஆடிப்போய்விட்டது. ஆறு மாதத்தில் ஓட்டி முடிக்க வேண்டிய பெரிய கணினிக் கணக்கு அது.

"அந்தக் காத்துக்காரங்க எந்தக் காலத்துல ஒழுங்கா கணக்கு கொடுத்தாங்க?" என்றார் கடல் பிரிவின் தலைவர்.

"கீழ கடல்ல எங்கியோ ஓட்டை. மொதல்ல அதை அடைக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் காற்றுப் பிரிவின் தலைவி.

இரண்டு வசவையும் சுமந்துகொண்டு தரகர் படியேறி இறங்கினாள். பிறகு ஒருநாள், யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல், அறைக் கதவைச் சாத்திவிட்டு, கணினி சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருந்த துருவக் கடலில் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக் கையாலேயே கணக்குப் போட்டாள். பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

விஷயம் இதுதான். கடல்காரர்களுக்குக் கடலுக்குள் வருகிற சூடு கூட்டல், போகிற சூடு கழித்தல். காற்றுக்காரர்களுக்குத் தங்களிடம் ஏறி வருகிற சூடு கூட்டல். ஒரே சூடுதான், ஆளாளுக்கு அவரவர் பக்கம் வந்தால்தான் வரவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாராவது ஒருத்தர் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவள் இரண்டு மாடியிலும் கெஞ்சினாள். கௌரவப் பிரச்சினை, மசியவில்லை. சரி, பெரிய மனுஷர்களோடு என்ன வம்பு என்று, நடுவில் தன் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்து, கூட்டலைக் கழித்தலாகத் திருப்பி அனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. வருடக்கணக்கில் ஓடியது. இந்தத் தடவை கடல்காரர்கள் தங்கள் புரோகிராமைப் புதுப்பித்தபோது, பாவம் அந்த மேடம் அன்றைக்கு அவ்வளவு கேட்டாளே என்று, தாங்களாகவே மாறிக்கொண்டுவிட்டார்கள். அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் திருப்ப, இவளும் திருப்ப, கடல் தலைகீழானது.

"ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று இரண்டாம் மாடியில் போய்க் கேட்டாள்.

கடல் தலைவர் மீசையைத் தடவினார். "நீங்க கேட்டதுதானேம்மா. பேசாம செஞ்சுட்டா உங்களுக்குச் சிரமம் குறையும்னு நெனச்சோம்."

"நானும் பேசாமதான் சார் செஞ்சுட்டிருந்தேன்."

அன்றைக்கு முதல்முறையாக இரண்டு மாடியும் மூன்றாம் மாடியில் கூடிச் சிரித்தது. உட்கார நாற்காலி பத்தவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு காற்றுத் தலைவி அவள் பக்கம் திரும்பினார். "மெல்லிசான பனி வழியா எவ்வளவு சூடு மேல வருதுன்னு நாம எல்லாருமே குத்துமதிப்பாத்தான் போட்டுட்டிருக்கோம். இந்த வருஷம் துருவத்துக்குப் போற ஆராய்ச்சிக் கப்பல்ல எங்களுக்கு ஒரு இடம் இருக்கு. நீங்க போங்களேன். நேர்ல அளந்துட்டு வாங்க." கடல் தலைவரும் தலையாட்டினார். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதைப் பார்த்தே அங்கிருந்தவர்களுக்கு மலைப்பாக இருந்தது.

அவளுக்குப் போக வேண்டும். வேறு எதையும் அவள் வாழ்க்கையில் அந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. ஆனால் ஐந்து மாதம். அப்பாவை என்ன செய்வது? பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள், முடியாது என்று. அந்த முடிவில் அழுகை வந்தது, கூடவே பெருமையும் கொஞ்சம் இருந்தது.

வீட்டுக்குப் போய், பெரிய தியாகத்தைச் செய்கிறவள் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சாதாரணமாகச் சொன்னாள். "கப்பல்ல போகச் சொல்றாங்கப்பா. நான் முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"போயிட்டு வாயேன்."

"உங்கள யாருப்பா பாத்துக்கறது?"

"தம்பி இருக்கானே" என்றார் அப்பா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். கீழே ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

தம்பிக்குப் போன் போடும்போது சண்டைக்குத் தயாராகத்தான் போட்டாள். பத்து வருடக் கணக்கும் நாக்கு நுனியில் இருந்தது. அவன் கேட்டுமுடித்து, "சரிக்கா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டான். அவன் மறுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மாத்திரை வேளை, வெந்நீர்ச் சூடு, தலையணை உயரம் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா" என்றான். எழுதிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தம்பியின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் தெருமுனை திரும்புவதற்குள் "கியர மாத்துடா" என்று ஆரம்பித்தது மாடிவரை கேட்டது. கப்பல் ஏறும்வரை அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டு பேருக்குச் சமைத்து, மீந்ததை மறுநாள் தின்றாள். மதியம் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, மணியடிக்கிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நினைவு வந்து வைத்தாள். நெஞ்சில் ஏதோ பாரமாக இருந்தது. அப்பா அங்கே எப்படித் திண்டாடுகிறாரோ என்ற கவலை என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

கப்பலில் முதல் வாரம் குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. பிறகு ஒரு காலையில் ஆட்டம் நின்றது. என்ன ஆயிற்று என்று மேல்தளத்துக்கு ஓடினாள். கடல் இருந்த இடத்தில் வெள்ளைத் தரை இருந்தது. அலை இல்லை, கரை இல்லை. கப்பலின் மூக்கு ஏறி அழுத்த, பெரிய பெரிய பாளங்களாக உடைந்து, புரண்டு, பச்சையும் நீலமுமாக அடிப்பக்கத்தைக் காட்டின. இருபது வருடமாகச் சதுரம் சதுரமாக எண்ணி வைத்திருந்த பனி. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைந்து, பிரிக்க வலித்தது.

வேலை பெரும்பாலும் பாளத்தின் மேல். கப்பலை ஒரு பெரிய பனிப்பாளத்தோடு ஒட்டி நிறுத்துவார்கள். இறங்கிப் போய் ஒரு கம்பம் நட்டு, காற்றின் வேகமும் குளிரும் அளக்கிற கருவிகளைக் கட்டுவாள். துளைபோட்டு, சாண் சாணாக வெப்பமானி கோத்த வயரைப் பனிக்குள் விட்டு, கடலுக்குள் இறக்குவாள். மேலே காற்று, நடுவே பனி, கீழே கடல். மூன்றும் ஒரே வயரில் தெரியும். மேலே வானத்திலிருந்து பஞ்சு போல விழுந்த பூப்பனி கொட்டிக் கிடந்த இடத்தில் சூடு வெளியேறாமல் பனி தடிக்கவே இல்லை. காற்று அதைக் கூட்டித் தள்ளிய இடத்தில் பனி விறுவிறுவென்று தடித்தது. தன் குத்துமதிப்பு எங்கெல்லாம் தப்பு என்று பார்க்கப் பார்க்க அவளுக்குக் குஷியாக இருந்தது.

ஒருநாள் முற்பகல், கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, பனி துப்பாக்கி வெடித்தது போலப் பிளந்தது. பிளவில் கறுப்பாகத் தண்ணீர். அடுத்த கணம் அந்தத் தண்ணீரிலிருந்து புகை எழும்பியது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல, உறைகிற குளிரில் கிடந்த கடல் ஆவி பறக்க நின்றது. கடல் காற்றுக்குக் கொடுக்கிறது. கூட்டலும் கழித்தலுமாக அவள் திருப்பித் திருப்பிப் போட்ட அந்த ஒரு எண், கண் முன்னால் வெள்ளை வெளேரென்று மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் திரும்பினாள், "பாத்தீங்களா!" என்று சொல்ல. மற்றவர்கள் அந்தக் கோடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பரவாயில்லை, அப்பாவிடம் சொல்லலாம்.

வாரத்துக்கு ஒருமுறை ரேடியோ அறையில் செயற்கைக்கோள் போன், ஆளுக்குப் பத்து நிமிடம். முதல் சில வாரம் பத்து நிமிடமும் பத்தாமல் போனது.

"கப்பலுக்கு பிரேக் இருக்கா?" என்று கேட்டார் அப்பா.

"கிடையாதுப்பா."

"அப்புறம் எப்படி நிறுத்துறான்?"

"இங்க பனியில முட்டித்தான் நிக்குது."

"பொறுப்பத்த பய. பேரைக் கேட்டு வை."

போகப் போகப் பேச்சு குறுகியது. எதிர்வீட்டுக்காரர் சீட்டாடக் காத்திருக்கிறார் என்பார். பேத்தியோடு கடைக்குக் கிளம்புகிறேன் என்பார். பின்னால் எப்போதும் யாரோ சிரிக்கிற சத்தம். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "அதுல பாதி வேண்டாம்னு டாக்டரே நிறுத்திட்டாரும்மா. உன் தம்பி பொண்டாட்டி கூட்டிட்டுப் போய்க் காட்டினா" என்றார். அவள் எத்தனையோ வருடம் தினமும் எடுத்து வைத்த மாத்திரை. நல்ல செய்திதான். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆவி பறந்த கடலைப் பற்றி அவள் சொன்னபோது, "அப்படியா!" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. பிறகு, "இரு, இங்க கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டார்.

கப்பல் திரும்பும் நாள் நெருங்கியது. அந்த வாரம் அவள் முறை முற்பகலில் வந்தது. வெளியே வெயில், பனியில் கண் கூசியது. ரேடியோக்காரர் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள்.

"அப்பா, நாங்க கிளம்பப் போறோம். இறங்கின மறுநாளே நானே வந்து உங்களக் கூட்டிட்டு வந்துடறேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மாடி, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காத" என்றார் அப்பா. "நான் இங்கயே இருந்துடறேனே."

"தம்பி ஏதாவது சொன்னானா?"

"அவன் என்ன சொல்லுவான், புதுசா? உங்கம்மா தவறின வருஷத்துலேருந்து வா வான்னுதான் கூப்பிட்டுட்டிருக்கான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நான்தான் அக்காகிட்ட வாயத் திறக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். உன்னை அந்த வீட்ல தனியா விட்டுட்டு எப்படி வர்றது? எனக்கும் பேத்தி கூட இருக்கணும்னு இருக்காதா? ஆனா சாயங்காலம் நீ வேலை விட்டு வரப்போ வீட்ல ஒரு ஆள் இருக்கணுமேன்னு உக்காந்திருந்தேன்." அவர் குரலில் ஒரு பாரத்தை இறக்கி வைத்தவரின் சந்தோஷம் இருந்தது. "இப்ப நீ உலகத்தோட கடைசிக்கே போய் இத்தனை மாசம் தனியா இருந்துட்ட. இனிமே எனக்குப் பயமில்ல."

வேண்டாம்பா, வந்துடுங்கப்பா, என்னால தனியா இருக்க முடியாது என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, மறுபடி அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

"நல்லதுப்பா. அங்கயே இருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"ஒண்ணுமில்ல. சும்மா, கேட்டேன்னு சொல்லுங்க."

அப்பா வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ரேடியோக்காரர் நல்ல மனுஷர், கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கே மேடம். வேற யாருக்காவது போட்டுத் தரட்டுமா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"வேற யாரும் இல்ல" என்று சொல்லி, போனைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தாள்.